பாத்தியதை

என்கம்பரன்ஸ்.
பத்தொன்பது வருஷமாக அடிக்கிறேன்,
விரல் தானாகப் போய் வரும்.
ஒரு எழுத்து விட்டுப்போனாலும்
பாங்கிலிருந்து திரும்பி வந்துவிடும்.

நம் பக்கம் அதற்கு வில்லங்கம் என்று பேர்.
ஆளு கொஞ்சம் வில்லங்கம் என்று
டீக்கடையில் சொல்வோமே, அதேதான்.
நிலத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் எதுவும்:
அடமானம், ஜப்தி, கோர்ட்டுத் தடை,
சித்தப்பன் பங்கு.
முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்து
ஒன்றும் இல்லையென்றால் 'நில்' என்பார்கள்.
இல்லை என்கிறார்களா, நிற்கச் சொல்கிறார்களா,
எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால்
அதற்கே பாத்யத என்று பேர்.
மலையாளத்தில் பாத்யத என்றால் கடன், பாரம்.
தமிழில் பாத்தியதை என்றால் உரிமை.
நடுவே நிற்பது கோழி லாரிகளும்
டயருக்கு மருந்தடிக்கும் ஒரு பையனும்தான்.

மயிலாத்தாளுக்கு இரண்டு பக்கமும் வேலை இருந்தது.

காலையில் கிணத்துக்கடவு.
அப்பன் தோப்பில் தனக்கு
யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் இல்லை என்று
தம்பி சென்னியப்பனுக்கு விடுதலைப் பத்திரம்.
நான்தான் அடித்தேன், வாசித்தும் காட்டினேன்.
ரேகை வைத்தாள்.
கேமராவில் கண் மூடியிருந்தது,
இன்னொரு தரம் எடுத்தார்கள்.
சென்னியப்பன் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கி வந்தான்.

மத்தியானம் கொழிஞ்சாம்பாறை.
செத்துப்போன புருஷன் அடகு வைத்த ஏழு சென்ட்,
பதினோரு வருஷம் பால் ஊற்றி மீட்டது.
குமாஸ்தா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்
"பாத்யத ஒந்நும் இல்லா" என்றார்.

அவள் முகம் தொங்கிவிட்டது.
"இங்கயும் இல்லீங்களா?"

அது வேற, இது வேற என்று ஆரம்பித்தேன்.
அங்கே இல்லையென்றால் போச்சு,
இங்கே இல்லையென்றால் மிச்சம்.
சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது.
"சரி, இங்கிலீசுல என்னங்க?" என்றாள்.
சொன்னேன்.
வாய்க்குள் ஒருதரம் உருட்டிப் பார்த்துவிட்டு
"அதுல காலைல எது, நானுங்களா?"

பதில் தெரியும். அடித்தவள் நான்.
தை மாசம் சென்னியப்பன் லோனுக்குப் போவான்,
தோப்புக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள்.
ஒரு வரி வரும்.
எழுதிக் கொடுத்தவர்: மயிலாத்தாள்.
தன்மை: விடுதலை.

மீட்ட பத்திரத்தை
தூக்குப்போசி மூடிக்கு அடியில் மடித்து வைத்தாள்.
பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவள்தான் சீட்டு எடுத்தாள்.
தமிழ்நாடா, கேரளாவா என்றார் கண்டக்டர்.
செக்போஸ்ட் என்றாள்.