எண்பத்தொன்பதாம் நாள்

பர்லியாரில் மலை இறங்கி வந்து
ரோட்டில் உட்கார்ந்துவிட்டது.
கேத்திப் பக்கமும் அப்படித்தானாம்.
குன்னூர். ஐப்பசி. இரவு இரண்டரை.
ரத்த வங்கி ஃப்ரிட்ஜில் ஒரு ஏ, இரண்டு பி.
பிரசவ வார்டில் செல்லக்கண்ணுவுக்கு வேண்டியது
ஓ நெகட்டிவ்.

போன மாதம் கோவைப் பயிற்சியில்
ஒரு டாக்டர் திரையில் காட்டினார்:
செயற்கை ரத்தம். கத்தரிப்பூ நிறம்.
குரூப் கிடையாது. குளிர் கேட்காது.
வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்கும்,
உடம்புக்குள் போனால் ஒரு நாள் நிற்கும்.
"ஒரு நாளுக்கு எதுக்குங்க?"
பின்வரிசையில் யாரோ சிரித்தார்.
கீழே இருப்பவர்.
ஒரு நாள் என்பது
ஜேசிபி வந்து மண்ணள்ளும் நேரம்
என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அது இன்னும் சோதனையில் இருக்கிறது.
முன்பு செய்ததில் சில
இதயத்தையே இறுக்கிவிட்டனவாம்.
எனவே நான் போனை எடுத்து
கேரட் லாரி ஹாலனை எழுப்பினேன்.

சரிவை நடந்தே கடந்து வந்தான்.
முழங்கால்வரை சேறு, கையில் ஒற்றைச் செருப்பு.
போன முறை தந்து தொண்ணூறு நாள் ஆகணும்.
விரல் விட்டு எண்ணினேன். எண்பத்தொன்பது.
"பன்னண்டு தாண்டிருச்சே சார்,
இன்னிக்கும் சேத்துக்க."

பை நிறைகையில் கதவருகே
செல்லக்கண்ணுவின் கணவர்:
"யாரு ரத்தம்? எந்த ஆளுங்க?"
பையில் அதெல்லாம் எழுதுவதில்லை என்றேன்.
இந்த ஒரு கேள்விக்காகவாவது
அந்தக் கத்தரிப்பூ நிறம்
சீக்கிரம் மலையேறி வரட்டும்.

ஆனால் டாக்டர் கடைசியில் ஒன்று சொன்னார்,
எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தபோது:
தேதி முடிந்த பைகளிலிருந்துதான்
அதை எடுக்கப் பார்க்கிறார்களாம்.
மாதாமாதம் நான் வேகவைத்து எறிகிறேனே, அவை.
அப்படியென்றால் அதற்குள்ளும்
ஏதோ ஒரு ஹாலன்.
பெயர் கழன்று, சேறு கழுவப்பட்டு.

சோதனை முடிய முக்கால் மணி.
பையை நர்ஸ் ரெபேக்கா
மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்,
வெதுவெதுப்பு போகாதிருக்க.

ஹாலன் டீயை ஊதிக்கொண்டிருந்தான்.
ரிஜிஸ்டரைத் திறந்தேன்.
பெயர், வயது, குரூப்.
"முகவரி அதேதானே?"

ஜன்னலைப் பார்த்தான். மழை.

"விடியட்டும் சார்.
போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."