நாலு தசம் இரண்டு பேர்ச்

வடக்கே பொன்னம்பெருமாளின் மதில்.
கிழக்கே மாநகரசபைக் கான்.
தெற்கே ஒழுங்கை.
மேற்கே முன்பு யாரோ, இப்போது வங்கி.
இவற்றுள் அடங்கியது கொட்டாஞ்சேனையில்
நாலு தசம் இரண்டு பேர்ச் நிலமும்
அதில் நின்ற வீடும் கிணறும் சகல உரித்துகளும்.
உறுதியில் அப்படித்தான் இருக்கிறது.
கிணறு இல்லை, அப்பா காலத்திலேயே தூர்த்தாயிற்று.
கஸ்பார் இருக்கிறார்.
உறுதியில் அவர் இல்லை.

சட்டத்தரணி ரமணீதரன் சொன்னார்:
"நோட்டீஸைப் பதிவுத் தபாலில போடுங்கோ.
சிட்டையைக் கவனமா வையுங்கோ.
இனி அந்த மனுசன் வாடகை கொண்டுவந்தால்
தொடவே கூடாது.
ஒரு மாசம் வாங்கினாலும்
நோட்டீஸ் செத்துப்போகும்."

ஐந்தாந் தேதி வந்தார்,
இருபத்திரண்டு வருசமாய் ஐந்தாந் தேதி வருகிறவர்,
இரண்டு பஸ் மாறி, வெள்ளவத்தைக்கு.
நான் திரைக்குப் பின்னால் நின்றேன்
தங்கை வீட்டில், களவெடுத்தவள்போல.
கேற்றடியில் கவர்.
கவருக்குள் என் பிறஷர் குளிசைக் காசு.
"அக்கா இல்லை" என்றாள் தங்கை.
என் செருப்பு வாசலில் கிடந்தது.
அவர் அதைப் பார்த்தார்.
குடையை விரித்துக்கொண்டு போனார்.

பிறகு புதுக்கடை.
புவனலோஜினி எதிர் கஸ்பார்.
கலியாணக் கார்டில்கூட என் பெயர்
இத்தனை பிரதி அச்சாகவில்லை.
தவணை.
நீதிபதிக்கு இடமாற்றம், தவணை.
அவர் பக்கச் சட்டத்தரணிக்குக் காய்ச்சல்.
கோவையைக் காணவில்லை.
கோவை கிடைத்தது, ஒன்பதாம் பக்கத்தைக் காணவில்லை.
பெற்றோல் வரிசை வருசத்தில் ஒருநாள்
யாருமே வரவில்லை, எங்கள் இருவரையும் தவிர.
கன்ரீனில் ஒரே மேசை.
மிச்சமிருந்தது ஒரு வடை.
பாதியாய்ப் பிய்த்தார், பெரிய பாதி என் பக்கம்.
"கூரை ஒழுகுதோ?" என்று கேட்டேன்.
"பின் அறையில மட்டும்."
கேட்டிருக்கக் கூடாதாம்.
கூரை யார் பொறுப்பென்பது
ஏழாவது எழுவினா.

கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள்:
உமக்கு அந்த வீடு தேவையா, விருப்பமா?
தங்கையின் மருமகன் வந்தபின்
விறாந்தையில் படுக்கிறேன் என்றேன்.
இரவில் பாத்ரூம் போக
அவர்கள் கட்டிலைக் கடக்க வேணும் என்றேன்,
கடக்குமுன் இருமிக் காட்டுவேன் என்றேன்.
முதலியார் அதைச் சிங்களமாக்கினார்.
மூன்று சொல்.
தட்டச்சுக்காரி நிமிரவேயில்லை.

பதினொரு வருசம்.
தீர்ப்பு எனக்கு, மேன்முறையீடு அவருக்கு.
அந்த இடைவெளியில் கஸ்பார் செத்துப்போனார்.
செத்த வீட்டுக்குப் போகலாமா என்று
ரமணீதரனிடம் கேட்டேன்.
"போங்கோ. ஒன்றிலையும்
கையெழுத்து மட்டும் வையாதேங்கோ."
வாசலில் அனுதாபக் கொப்பி.
பேனையை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
என் வீட்டுக்குள் நான் கால்வைத்தது
அத்தனை வருசத்தில் அன்றுதான்,
பூவும் கையுமாய்.
பின் அறையில் ஒரு வாளி. சொட்டுச் சத்தம்.

எதிராளிக்குப் பதிலாய் மகளைச் சேர்த்தார்கள்,
டெல்சியா கஸ்பார்.
வடை பங்கிடும் வயதல்ல அவளுக்கு.
மேன்முறையீடும் தோற்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை பிஸ்கால் வந்தார்,
கூட ஒரு பொலிஸ்காரர்.
சாமான்கள் ஏற்கெனவே லொறியில்.
மாதா சொரூபம் முன் சீற்றில், துவாய் சுற்றி.
வெற்று உடைமை ஒப்படைக்கப்பட்டது
என்ற இடத்தில் மூன்று கையெழுத்து.
திறப்பைத் தந்தார்கள்.
பூட்டுச் சுழன்றது, கதவு அசையவில்லை.
பிஸ்கால் தோளால் தள்ளினார்.
பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளினார்.
நீதிமன்றத்தின் கட்டளை கையில் இருந்தது, சீலும் இருந்தது.

லொறியிலிருந்து இறங்கி வந்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
"தூக்கித் தள்ள வேணும்.
மழைக்கு ஊதிப்போகும்."
தூக்கினாள், தள்ளினாள், திறந்தது.
திறந்த கையோடு படியிலேயே நின்றாள்.
முதலில் யார் உள்ளே போவதென்று
அவளுக்குத் தெரியவில்லை.
எனக்கும்.
லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.