கடைசி பைட்

மிதவையில் சுன்வோர் தனியாக இருக்கிறாள்.
கூண்டு ஆறு. நாற்பதாயிரம் சால்மன்.
அவற்றுக்கு மூச்சு போதுமா என்று அளக்கும் கருவி
எட்டு மீட்டர் ஆழத்தில்
மூன்று வாரமாய் வாய் திறக்கவில்லை.

பாரோ தீவுகளில் ஜனவரி.
மூன்றரை மணிக்கே கடலும் மலையும் ஒரே கறுப்பு.
கேபிளை மாற்றிப் பார்த்தாள்,
முனையில் மின்தடை போட்டுப் பார்த்தாள்,
கருவியையே கழற்றிப் புதிதொன்றை இறக்கினாள்.
அதுவும் இறங்கிய கையோடு ஊமையானது.

பழைய கணினி இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை.
அதன் வாலில் தொங்கிய மலிவான மாற்றி
எப்போது பேச, எப்போது கேட்க என்று
தானே முறை வைத்துக்கொண்டது.
புதியதில் அந்த வேலை டிரைவருடையது.
இரண்டு கம்பி, ஒரே பாதை.
ஒரு பிட்டை உயர்த்து, பேசு, தாழ்த்து,
பிறகு வழியை விட்டுக் கேள்.
பேசியபின் தாமதம்: பூஜ்யம்
என்று யாரோ எப்போதோ எழுதி வைத்த அமைப்பு.

கரையில் ஒஸ்ஸுர், வாக்கிடாக்கியில்.
தீவனத்தை நிறுத்தும் வால்வு வேலை செய்கிறதா
என்று கேட்டிருந்தாள்.
"ரிக்கர்" என்று வந்தது. செய்கிறது.
நல்லது என்று திரும்பிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால்
பசியில்லாத மீன்களின் முதுகின்மேல்
இன்னும் பெய்கிறது
பழுப்பு நிறத் தீவன மழை.

"செய்யுதுன்னு சொன்னியே!"
"செய்யலைன்னுதானே சொன்னேன்!"

அவன் கட்டைவிரல் எப்போதுமே அவசரக்காரன்.
நம் பேச்சைப் போலவே அவர்கள் பேச்சிலும்
இல்லை என்பது கடைசியில்தான் வருகிறது.
ரிக்கர் காற்றில் ஏறிவிட்டது.
இச்சி அவன் பல்லிடுக்கிலேயே நின்றுவிட்டது.

சுன்வோர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க மறந்து
அப்படியே திரைமுன் போய் உட்கார்ந்தாள்.

காலியா என்று கேட்க சிப்பில் இரண்டு இடம் உண்டு.
ஒன்று, வரிசை காலி என்று சொல்லும்:
கடைசி எழுத்து வாசற்படிக்கு வந்துவிட்டது, அவ்வளவே.
மற்றது, வாசலே காலி என்று சொல்லும்:
கடைசி எழுத்தின் கடைசித் துடிப்பும் கம்பிக்குள் போய்விட்டது.
நடுவே ஒரு மில்லிவினாடி, சற்றுக் கூடுதலாக.
டிரைவர் முதல் பதிலைக் கேட்டதுமே
பிட்டைத் தாழ்த்திவிடுகிறது.

ஆக, கருவி ஊமையில்லை.
மூன்று வாரமாய் அதனிடம்
ஒரு கேள்விகூட முழுசாய்ப் போய்ச் சேரவில்லை.
சரிபார்ப்பு எண்ணின் வால் அறுந்து வரும் கேள்விக்கு
வாய் திறக்காதே என்பது
அதற்கு எழுதி வைத்த ஒழுங்கு.

தாமதத்தைப் பத்து என்று வைத்தாள்.
பதில் வந்தது, தலையில்லாமல்.
இவள் பாதையை விடுமுன்பே
அது பேசத் தொடங்கியிருந்தது.
மீனவர்கள் சொல்லும் ஒரு சொல்லைச் சொன்னாள்.
அதை இங்கே எழுத முடியாது.

பத்தை அழித்தாள்.
இரண்டாவது இடத்தைக் கேள்,
அது காலி என்கும்வரை நில்,
பிறகு தாழ்த்து:
மூன்றே வரி.
தொகுத்து ஏற்றும்வரை
ஜன்னலில் உப்புத் தூறல் ஓடிக்கொண்டிருந்தது.

8.4.
மறுபடி 8.4.
பிறகு 8.3. மீன் ஒன்று
அருகே உரசித் திரும்பியிருக்கலாம்.

வாக்கிடாக்கியை எடுத்தாள்.
"கூண்டு ஆறு பேசுது" என்று சொல்லி முடித்தும்
பொத்தானை விடவில்லை,
ஓர் அலை மிதவைக்கு அடியில் புகுந்து
மறுபக்கம் எழும்வரை.

"சரி, நான் வர" என்றான் ஒஸ்ஸுர்.

வருகிறானா, வரவில்லையா.
அவனுக்கு எழுத அவளிடம் மூன்று வரி இல்லை.
இன்னொரு கோப்பையை எடுத்து வைத்தாள்.
அதைக் கழுவவில்லை.