ஆறு மூடி

இருமல் மிட்டாய் தீர்ந்த தகர டப்பா.
மூடியின் உள்ளே, ஃப்ரிட்ஜுக்கு அடித்து மிஞ்சிய
வெள்ளை பெயின்ட், இரண்டு பூச்சு:
நிறம் குழைக்க அது போதும்.
மாத்திரை அட்டையின் குழிகளை முதலில் நம்பினேன்.
விரல் பட்டதும் நசுங்கிப்போயின.
பிறகு பீர் மூடிகள் ஆறு,
பற்களை இடுக்கியால் மடக்கி
சூயிங்கம்மால் ஒட்டினேன்.
மென்று கொடுத்தவள் என் மகள் தாதோ;
கூலியும் வாங்கிக்கொண்டாள்.
தூரிகையின் வாலை ஒடித்துப் பேனாக் குழாயில் செருகினேன்.
தண்ணீருக்குக் கண்மருந்துக் குப்பி.

டப்பா என் சட்டைப்பையில், ஓட்டுநர் உரிமத்தோடு.
குப்பி வண்டியின் கதவுப் பொந்தில்.
அங்கேதான் தப்பு.

குட்டாய்சியிலிருந்து மெஸ்டியா போகும் வழியில்
மலை சரிந்து மூன்று மணி நேரம்.
பதினாறு பேரும் இறங்கிப் புகைத்தார்கள், திட்டினார்கள்.
நான் சாலையோரக் கல்லில் டப்பாவைத் திறந்து
குப்பியை அமுக்கினேன்.
சொட்டு வரவில்லை. உறைந்திருந்தது.

கடைசி இருக்கை யூசா, தேனீ வளர்ப்பவர்,
பேசாமல் தன் சாராயப் பாட்டிலை நீட்டினார்.
ஓட்டுகிறவள் குடிக்கக் கூடாது.
தூரிகைக்கு அந்தச் சட்டம் இல்லை.

நீலம் ஓடியது பாருங்கள்,
நான் போட்ட கோட்டை மதிக்காமல்,
ஆற்றைத் தாண்டி, பைன் மரங்களுக்குள்.
பனிக்கு நான் ஒன்றும் பூசவில்லை;
தாளைச் சும்மா விட்டேன்.

புல்டோசர் வந்தபோது படம் பாதிதான்.
யூசா எட்டிப் பார்த்தார்:
“இந்தப் பக்கத்து மலை எங்கே?”

“அதைத்தான்
அங்கே அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.”