ஆயிரத்தெட்டு

இடது மணிக்கட்டின் உட்புறம், நாடி துடிக்கிற இடத்தில்
ஓர் உலோகப் பொத்தானை வைத்து
ஒட்டுத்துணி சுற்றினாள் பஸ்மிலா.
பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சூட்டை எழுதிக்கொள்ளுமாம்.
நாளுக்கு நூற்று நாற்பத்து நான்கு.
ஏழு நாளைக்கு எவ்வளவு என்று நான்தான் பெருக்கினேன்:
ஆயிரத்தெட்டு.
"அர்ச்சனைக் கணக்கு" என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

"குளிக்கலாம், மீன் வெட்டலாம், சண்டை பிடிக்கலாம்.
எப்பவும் போல இருங்க. கழட்டத்தான் ஒண்ணா."
கூடவே ஒரு கொப்பி,
செய்வதை நேரத்தோடு எழுத.

எப்பவும் போல என்றால் எனக்கு
வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலை,
இரவு பத்திலிருந்து விடிய ஐந்தரை.
இடுப்புயரக் கட்டியைக் கொக்கியால் இழுத்து
அரைக்கிற இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளுவது.
தூள் போகிற குழாயின் மறுமுனையில்
ஒரு பலநாள் படகு
வயிற்றைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்.

முதல் இரவு எழுதினேன்:
10.00 ஐஸ். 11.00 ஐஸ். 12.00 ஐஸ்.
1.00 தேத்தண்ணி, ஐஸ்.
நேசதுரை எட்டிப் பார்த்து,
"இதை முதலாளிக்கும் அனுப்புவாங்களாடா?" என்றான்.
அதற்குப் பிறகு பொத்தான் கொஞ்சம் கனத்தது.

எட்டாம் நாள் கணினியில் கோடுகளை விரித்தாள்.
மற்றவர்களுடையது முதலில்: ஓர் ஆசிரியை, ஒரு கடைக்காரர்.
இரவானதும் கோடு மேலே போகிறது.
"உறங்கப் போகக்குள்ள உடம்பு உள்ளே குளிரும்.
அந்தச் சூட்டைக் கைவழியா வெளியே விடும்.
உறங்குற கை சுடும்."

சுகிர்தாவை நினைத்தேன்.
விடிய ஆறு மணிக்குப் போய்
கையைத் தொட்டு எழுப்புவேன்.
பதினொரு வருசமாய் ஒரே கேள்வி: காய்ச்சலா?
பதினொரு வருசமாய் ஒரே பதில்:
உங்கட கைதான் மீன்பெட்டி.

பிறகு என்னுடையது.
இரவெல்லாம் பள்ளம். இருபத்தொன்று, பத்தொன்பது.
"இது உங்கட சூடு இல்ல, ஐஸின்ட சூடு" என்றாள்.
ஐஸின் சூடு!
பகல் பத்து மணிக்கு,
பக்கத்து வளவில் கோழி கத்த,
வெயிலில் தகரக் கூரை வெடித்துக்கொண்டிருக்க,
என் கோடு மேட்டில் ஏறப் பார்க்கிறது.
அரை மணித்தியாலம். விழுகிறது. மறுபடி.

ஐந்தாம் இரவில் விரலை வைத்தாள்.
மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பது வரை
முப்பத்தைந்துக்குப் போயிருக்கிறது.
கொப்பியில் என் கையெழுத்து:
3.00 ஐஸ். 4.00 ஐஸ்.

கரண்ட் போன இரவு அது.
நேசதுரை ஜெனரேட்டரோடு மல்லுக்கட்ட
நான் உப்புச் சாக்குகளின் மேல்
சும்மா சாய்ந்தேன். அவ்வளவுதான்.

"தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிச்சிருந்தன்" என்றேன்.

"தேத்தண்ணி எண்டா கோடு குதிக்கும்.
இது ஆறுதலா ஏறியிருக்கு."

இரண்டு வரிகளுக்கும் நடுவே
கொஞ்சம் வெற்றிடம் கிடந்தது.
கொப்பியை என் பக்கம் திருப்பி,
பேனையை மேலே வைத்துவிட்டு,
யன்னலைத் திறக்கப் போனாள்.