இருநூற்றுப் பதினொன்று

ஒன்றரை மாதச் சம்பளம்.
சுங்கவரி தனி.
தபால்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
"என்ன அண்ணி பொட்டலம்?"
"பேனாக்கத்தி."
"நகம் வெட்டவா?"
"ஆமாம்."

உலகத்துக்கே முந்நூறுதான் செய்தார்களாம்,
பிறகு அச்சை உடைத்துவிட்டார்களாம்.
உள்ளே ஓர் அட்டை அப்படிச் சொன்னது.
என்னுடையது இருநூற்றுப் பதினொன்று,
அலகின் அடியில், எறும்பு எழுதியதுபோல.
கருநீலப் பிடி. அதற்குள் செம்புத் துகள்.
திறந்தால் ஒரு சத்தம்:
பல்லி ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு
யோசிப்பதுபோல.

சேலத்திலிருந்து ஒரு பையன், பிரணவ்,
இதே பைத்தியம் பிடித்தவன், போனில் சொன்னான்:
"எடுத்துப் பாருங்க அக்கா, மூடி வைங்க.
ஒரு தேங்காய்நாரை அறுத்தாலும்
பாதி விலை போச்சு."
ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு,
தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு,
பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன்.
நீடாமங்கலத்துக் காற்று அப்படி,
ஐப்பசியில் ஊக்குகூடக் கறுத்துவிடும்.

என் வேலையே ஈரம் பார்ப்பதுதான்.
கொள்முதல் நிலையம், கோரையாற்றுக்கு மேற்கே.
ஒரு கைப்பிடி நெல், ஒரு கருவி, ஓர் எண்.
பதினேழு வரைக்கும் சரி.
பதினேழரைக்கு வேறெங்கோ பார்ப்பேன்.
அதற்குமேல்
"காயவைங்க, காத்திருங்க" என்பேன்,
சாலையோரம் நெல்லைப் பரப்பிவிட்டு
எட்டு நாளாக அதன் பக்கத்திலேயே தூங்குகிறவர்களிடம்.

அன்றைக்குக் கத்தி என் பையில் இருந்தது.
ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள்.
புதுச் செருப்பைத் தலைமாட்டில் வைத்துத்
தூங்கியவர்களுக்குத் தெரியும்.

நாலரை மணிக்குத் தெற்கே இருட்டியது.
லாரி வரவில்லை. மூட்டைகள் வெட்டவெளியில்.
தார்ப்பாய் சுருட்டிக் கட்டிக் கிடந்தது
நைலான் கயிற்றில், பக்கிரிசாமி போட்ட முடிச்சில்.
பக்கிரிசாமி கல்யாணத்துக்குக் குடவாசல் போயிருந்தார்.
நகத்தால் நெம்பினார்கள். பல்லால் இழுத்தார்கள்.
முதல் துளிகள் சாக்கில் காசு காசாக விழுந்தன.
"கத்தி இருக்கா? யாருகிட்டயாவது கத்தி?"
அமிர்தகடேசன் கத்தியது எல்லோரையும் பார்த்து.
என்னையும் பார்த்து.

நான் பதிவேட்டை முந்தானையால் மூடினேன்.
அதுவும் நனையக் கூடாதுதானே.

அவர் டீக்கடைக்கு ஓடினார்.
ரொட்டி அறுக்கும் கத்தியோடு திரும்பினார்,
வெண்ணெய் ஒட்டிய கத்தி.
ஒரே இழுப்பில் அறுந்தது கயிறு.
அதற்குள்
ஓரத்து மூட்டைகள் பதினொன்று நனைந்திருந்தன,
பதினொன்றும் அவருடையவை.

மறுநாள் காலை கருவி சொன்னது
பத்தொன்பது புள்ளி நான்கு.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கருவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பதினாறு புள்ளி ஒன்பது என்று எழுதினேன்.
ஆறு வருடத்தில் முதல்முறை.
பொய்க்கும் ஒரு புள்ளி வைத்தேன்,
உண்மைபோல் இருக்கட்டும் என்று.
கும்பிட்டார். அதுதான் தாங்கவில்லை.

இப்போது அது மேசைமேல் கிடக்கிறது,
ரசீதுகள் பறக்காமலிருக்க.
யார் வேண்டுமானாலும் எடுக்கிறார்கள்.
சணல் அறுக்கிறது, கொய்யா அறுக்கிறது,
பக்கிரிசாமியின் காலில் தைத்த முள்ளை
நோண்டி எடுத்தது ஒருநாள்.
கொய்யாக் கறை போகவில்லை.
துடைத்துப் பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.
இரண்டு இரவு
திரும்பப் பெட்டிக்குள் வைத்தும் பார்த்தேன்.
"நல்லா வெட்டுதே தையல்நாயகி, எங்க வாங்குன?"
"மன்னார்குடியில."

போன வாரம் பிரணவ் கூப்பிட்டான்.
ஒருவர் இரட்டை விலை தருகிறாராம்.
"பொருள் எந்த நிலையில இருக்கு அக்கா?"
"பத்தொன்பது புள்ளி நாலு" என்றேன்.
"என்னது?"
வாசலில் டிராக்டர் வந்து நின்றது,
முதல் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.