ஒன்றுவிட்ட நாள்

கனடாவுக்குப் போகிற அன்று
முதலாளி மகன் ஷைஜின்
கண்ணாடிப் பெட்டியை என் அறையில் இறக்கி வைத்தான்.
"திங்கள் ஒண்ணு, வியாழன் ஒண்ணு.
மறந்திராதேயும் அண்ணே."
தொண்டுச் சோறு பரப்பிய தரை,
கவிழ்த்த சிரட்டை,
சிரட்டைக்கு வெளியே இரண்டு கால் மட்டும்.
மீதி ஆறும் உள்ளே இருக்கு என்றான். நம்பினேன்.

பேரு என்ன?
டாரண்டுலா.
அது சாதி. பேரு?
சிரித்தான். வைக்கவில்லையாம்.

முதல் திங்கள், முதல் வியாழன்
பிசகாமல் கொடுத்தேன்.
கூலிக்கு வேலை செய்கிறவன்,
சொன்ன நாளில் சொன்னதைச் செய்வேன்.
மூன்றாம் வாரம் அதன் வயிறு
சப்போட்டாப் பழம்போல உருண்டு
தரையில் இழுபட்டது.
போட்ட சுவர்க்கோழி அதன் முதுகிலேறி
மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

குலசேகரத்தில் மீன்தொட்டி விற்கிற
ராபின்சனிடம் கேட்டேன்.
"பத்து நாளுக்கு ஒண்ணு போரும் வேய்.
தோலுரிக்கப் போவுது போல.
இப்பப் பூச்சிய உள்ள விட்டா
பூச்சி அதத் தின்னும்."
பூச்சியா?
"பூச்சிதான்."

ஷைஜினைக் கூப்பிட்டேன். அங்கே நடுராத்திரி.
"மெலிஞ்சா பாவம் அண்ணே" என்றான்.
குரல்தான் மெலிந்திருந்தது.
சாப்பிட்டியா மக்களே?
"இன்னைக்கா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்தது ஒரே கணக்கு.
இன்றைக்கு மேல்தோப்பு, நாளைக்குக் கீழ்த்தோப்பு.
வெட்டிய மரத்துக்கு மறுநாள் ஓய்வு.
களியல் பக்கம் ஒரு குத்தகைக்காரன்
தினமும் வெட்டினான்.
முதல் மாதம் சிரட்டை நிறைந்து வழிந்தது.
அடுத்த வருசம் பட்டை மரத்து,
கத்தி போன வழியெல்லாம் காய்ந்த கோடு.
மரம் செத்ததென்று சொல்ல முடியாது.
இலை உதிர்த்தது, தளிர்த்தது,
வெயிலில் காய் வெடித்தது.
பால் மட்டும் இல்லை.

எடுக்கிறவனுக்கு உள்ள கணக்கு அது.
கொடுக்கிறவனுக்கும் அதுதானா?
எந்தக் கங்காணியும் சொல்லித் தந்ததில்லை.

கட்டிலுக்கடியில் இன்னொரு பெட்டி.
முட்டை அட்டைக்குள் சுவர்க்கோழிகள்.
இவற்றுக்குத் திங்கள் வியாழன் கிடையாது,
நாள் தவறாமல் தின்கின்றன:
கேரட் நுனி, மரச்சீனித் தோல்,
என் தட்டில் ஒட்டிய பருக்கை.
விடியற்காலை மூன்று மணிக்கு
ஹெட்லைட்டை நெற்றியில் மாட்டிக் குனிந்தால்
இரைச்சல் சட்டென்று நிற்கும்.
இன்றைக்கு யார் என்று கேட்பது மாதிரி.

எத்தனை நாளுக்கு ஒன்று என்று
எட்டுகாலிக்காகத்தான் ஊரெல்லாம் கேட்டேன்.
இதுகள் பக்கம் நின்று
நானும் கேட்கவில்லை.
பெரிதாகப் பார்த்துப் பிடித்திருக்கிறேன்.
நொண்டியைப் பிடித்திருக்கிறேன்.
ஒருமுறை, சத்தமே போடாத ஒன்றை.
பெட்டை சத்தம் போடாது என்று
ராபின்சன் பிறகு சொன்னான்.

நாலு நாளாக மழை.
மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியும்
பட்டை காயவில்லை. வெட்டு இல்லை, கூலியும் இல்லை.
ஒரு நேரத்துக் கஞ்சியை
இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன்.
மத்தியானத்துக்குள் இரண்டையும் குடித்துவிட்டேன்.

இன்று வியாழன்.
காலண்டரில் பென்சில் வட்டம்.
சிரட்டைக்கு வெளியே ஒரு காலும் இல்லை.
வாசலை வெள்ளை நூலால் அடைத்திருக்கிறது,
உள்ளிருந்து.

வட்டத்தை அழித்தேன்.
அடுத்த வியாழனில் போடவில்லை,
பத்தாம் நாளிலும் போடவில்லை.
சோடா மூடியில் தண்ணீர் மாற்றினேன்.
கட்டிலுக்கடியில் மரச்சீனித் தோல் தள்ளினேன்,
கொஞ்சம் கூடுதலாகவே.

ஷைஜினுக்கு எழுதினேன்:
அது ஒண்ணும் சாப்பிடல்ல.
நல்லா இருக்கு.
நீ சாப்பிடு.